மலையிறங்கிப் பறக்கப் போறவங்களுக்கு லவுஞ்ச் அவசியமா, வீண் பந்தாவா?

கேத்தி பள்ளத்தாக்கு

போன வாரம் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவுல நான் போட்ட ஒரு போட்டோ சண்டையில போய் முடிஞ்சது. கோயமுத்தூர் விமான நிலைய லவுஞ்சுல, அதாவது விமானத்துக்குக் காத்திருக்கறவங்க சாப்பிட்டு ஓய்வெடுக்கற தனி அறையில, அம்மா காலை நீட்டி உட்கார்ந்து இட்லி சாப்பிடற போட்டோ. "தேயிலைக்கு விலை இல்லாம ஊரே தவிக்குது, உனக்கு இந்தப் பந்தா தேவையா"ன்னு சித்தப்பா கேட்டுட்டார். பெரியவர், அங்க எதிர்த்துப் பேச மனசு வரல. ஆனா மனசுல கிடந்து உறுத்துது. நம்ம நீலகிரி மலையிலிருந்து இறங்கிப் போய் விமானம் ஏறற மத்தவங்க இந்த இழையில என்ன சொல்றீங்க?

நடந்ததைச் சொல்றேன். அம்மாவுக்கு 72 வயசு. ஹைதராபாத்துல அண்ணன் வீட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் கிளம்பினோம். விமானம் காலை 11.20-க்கு. வீட்டிலிருந்து விமான நிலையம் சுமார் 90 கிலோமீட்டர். கணக்குக்கு மூணு மணி நேரம். ஆனா அந்தக் கணக்கை நம்பி யாரு கிளம்புவா? விடியறதுக்கு முன்னாடி 4.45-க்கு வண்டி ஏறிட்டோம். அம்மா முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதோட சரி. பதினாலு கொண்டை ஊசி வளைவும் தாண்டற வரைக்கும் வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு அவங்க வெச்சிருக்கற சட்டம். எங்க ஊர்ல வயசானவங்க முக்கால்வாசிப் பேரு அப்படித்தான். கையில ஒரு எலுமிச்சம்பழம், அதை மூக்குல வெச்சு வெச்சுக் கல்லாறு வரைக்கும் வந்தாங்க.

அன்னைக்கு வழி சுத்தமா இருந்துச்சு. எட்டு மணிக்கு முன்னாடியே போய் இறங்கிட்டோம். மேல குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் அங்க வேர்த்துக் கொட்டுது. கால் வீங்கியிருக்கு. பிரஷர் மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும். பாதுகாப்புச் சோதனை முடிஞ்சதும் லவுஞ்சுக்குக் கூட்டிட்டுப் போனேன். சில வங்கிக் கார்டு இருந்தா லவுஞ்சுக்குள்ள விடுவாங்க. எனக்கு என்னோட கார்டு. அம்மாவுக்கு, அப்பாவோட குடும்ப ஓய்வூதியம் வர்ற கணக்கோட ரூபே டெபிட் கார்டுலயே மூணு மாசத்துக்கு ஒரு தடவை அனுமதி உண்டு. அது இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. ஆளுக்கு ரெண்டு ரூபாய் எடுத்தாங்க. அம்மா முகம் கழுவி, புடவையைச் சரி பண்ணி, மூணு இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, அரை மணி நேரம் கண் அசந்தாங்க. இது பந்தாவா?

நான் சொல்றது ஒண்ணுதான். சமவெளிக்காரங்களுக்கு லவுஞ்ச் ஒரு சொகுசா இருக்கலாம். மலைக்காரங்களுக்கு அது பயணத்துல ஒரு பாகம். வீட்டுக்கு ஒருத்தராவது இந்த வசதியுள்ள கார்டு வெச்சிருக்கணும்.

சிம்ஸ் பூங்கா ஓரம்

தம்பி, அம்மாவை நல்லபடியாக அழைத்துப் போனீர்கள், அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் உங்கள் கடைசி வரியை நான் கடுமையாக மறுக்கிறேன். வங்கியில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் குன்னூரில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், "ரெண்டு ரூபாய்" என்று எழுதுவது இளம் பிள்ளைகளைத் தவறான பக்கம் திருப்பும்.

அந்த 2 ரூபாய் உங்கள் அட்டை செல்லுமா என்று பார்ப்பதற்காக எடுப்பது. நீங்கள் உள்ளே போன ஒவ்வொரு தடவைக்கும் லவுஞ்சுக்கு உரிய தொகையை வங்கியோ, ரூபே, விசா போன்ற அட்டை வலையமைப்போ தனியாகக் கட்டுகிறது. கட்டுகிறவர்கள் அதை எங்கிருந்து எடுப்பார்கள்? ஆண்டுக் கட்டணத்திலிருந்தும், நீங்கள் செலவழிக்கும்போது கடைக்காரரிடம் பிடிக்கும் தொகையிலிருந்தும், தவணை தவறியவர்களின் வட்டியிலிருந்தும்தான்.

கூட்டம் பெருகியதும் கதவை நெருக்கிவிட்டார்கள். எச்டிஎஃப்சி வங்கி தன் ரெகாலியா என்ற கிரெடிட் அட்டைக்கு 2023 டிசம்பர் 1 முதல், ஒரு காலாண்டில் 1 லட்சம் ரூபாய் செலவழித்தால்தான் லவுஞ்ச் என்று வைத்தது. ஐசிஐசிஐ 2024 ஏப்ரலில் பல அட்டைகளுக்கு முந்தைய காலாண்டில் 35,000 என்று வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அது 75,000 ஆனது. கணக்குப் போடுங்கள். காலாண்டுக்கு 75,000 என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். நம் மலையில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பம் அட்டையில் 3 லட்சம் தேய்க்குமா? தேய்க்கத்தான் வேண்டுமா?

எங்கள் தெருவில் ஒரு பையன், வயது 28. காலாண்டு முடிய நான்கு நாள் இருக்கும்போது இலக்குக்கு 11,000 ரூபாய் குறைந்தது. தேவையே இல்லாத ஒரு கைப்பேசியைத் தவணையில் வாங்கினான். இரண்டு தவணை தவறியது. கிரெடிட் கார்டு வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம் அளவில் ஓடும். அவன் அப்பா என்னிடம் அந்தக் கணக்குத் தாளைக் கொண்டுவந்து நீட்டியபோது அவர் கை நடுங்கியது. நான் நேரில் பார்த்தது. அந்தப் பையன் லவுஞ்சில் சாப்பிட்டது ஒரு தட்டுப் பொங்கலும் காபியும்.

வீட்டில் நான்கு இட்லியைப் பொடி தடவி வாழை இலையில் கட்டி எடுத்துப் போங்கள். பாதுகாப்புச் சோதனையில் யாரும் தடுக்க மாட்டார்கள். அம்மாவுக்கும் அதுதான் வயிற்றுக்கு நல்லது.

பர்லியார் வண்டி

வணக்கமுங்க. நான் டாக்சி ஓட்டறவன். ஊட்டி, குன்னூர், கோயமுத்தூர் ஏர்போர்ட் ரூட்டுல 19 வருசம். லவுஞ்சுக்குள்ள நான் ஒரு தடவையும் போனதில்லீங்க, கார்டும் கிடையாது. ஆனா இந்த விசயத்துல எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணு இருக்குங்க.

என் வண்டியில ரெண்டு விதமா ஆளுங்க வருவாங்க. ஒருத்தரு, "சீக்கிரம் போய் அங்க என்னங்க பண்றது, சும்மா உக்காந்திருக்கோணும், பொறுமையா கிளம்பலாம்"பாங்க. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது ஏழாயிரும். அப்புறம் காட்டேரி தாண்டினதும் வாட்ச்சைப் பாக்க ஆரம்பிப்பாங்க. பர்லியார் வர்றதுக்குள்ள "கொஞ்சம் அமுக்குங்க, அந்த லாரியை முந்துங்க"ன்னு முதுகுக்குப் பின்னால சத்தம். கொண்டை ஊசியில மேல ஏறி வர்ற பஸ்ஸுக்கு வழி விடணும்னு சட்டம் இருக்கு, அதைக்கூட விடக் கூடாதும்பாங்க. நான் விட்டுத்தான் போவேன். ஆனா வயசுப் பசங்க ஓட்டறப்போ அந்தச் சத்தத்துக்குப் பயந்து அமுக்கிருவாங்க.

இன்னொரு விதம், லவுஞ்ச் இருக்குன்னு தெரிஞ்சவங்க. நாலரைக்கே வாசல்ல நிப்பாங்க. "அங்க போய்ச் சாப்பிட்டுக்கறோம் அண்ணா, நீங்க மெதுவா போங்க"ன்னு சொல்லிட்டுத் தூங்கிருவாங்க. வழியில மரம் விழுந்து கெடந்தாலும் அவங்க மூஞ்சி மாறாது.

இந்த ரோட்டுல எது நடக்கும்னு யாருக்குமே தெரியாதுங்க. மே மாசம் சீசன்ல ஏறறதுக்குக் குன்னூர் வழி, இறங்கறதுக்குக் கோத்தகிரி வழின்னு ஒருவழி ஆக்கிருவாங்க. பலாப்பழம் பழுக்கற காலத்துல பர்லியார்க்கும் கல்லாறுக்கும் நடுவுல யானை வந்து நிக்கும். நின்னா நின்னதுதான், ஹாரன் அடிக்கக் கூடாது, அதுவா போனாத்தான் நாம போறது. ஐப்பசி கார்த்திகை மழையில மண்ணு சரியும். 2009 நவம்பர்ல சரிஞ்சப்போ எத்தனை உசுரு போச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால, முன்னாடியே கிளம்ப வெக்கற எதுவா இருந்தாலும் நான் அதுக்கு ஓட்டுப் போடுவேன். லவுஞ்சோ, கட்டுச்சோறோ, எதுவோ.

லவ்டேல் டீச்சர்

வண்டிக்கார அண்ணா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். லவுஞ்ச் ஆளைச் சீக்கிரம் கிளப்பும், சரி. அதே லவுஞ்ச் ஆளைத் தாமதமும் ஆக்கும். எனக்கே நடந்தது.

இரண்டு வருடம் முன்பு ஒரு பயிற்சி முகாம் முடிந்து நானும் உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரிய விமான நிலையம், பெயர் வேண்டாம். அவருக்குக் கார்டு இருந்தது, எனக்குப் பணம் கட்டி உள்ளே அழைத்துப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் அமைதி, மெல்லிய விளக்கு, மெத்தை நாற்காலி. பசியாற உண்டோம், பேசினோம். பல விமான நிலையங்களில் இப்போது ஒலிபெருக்கியில் போர்டிங் அறிவிப்பே வருவதில்லை, திரையைத்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. வாயில் எண் நடுவில் மாறியிருக்கிறது. உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் புறப்படும் நேரத்துக்கு 25 நிமிடம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். நாங்கள் மூச்சு வாங்க ஓடிப் போய் நின்றபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் கயிறு கட்டியாகிவிட்டது. மறுநாள் டிக்கெட்டுக்கு நான் கொடுத்தது என் அரை மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

மலையிலிருந்து போகிறவருக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. நாம் இருட்டில் எழுந்து, பட்டினியோடு, தலை சுற்றி வந்து சேர்கிறோம். குளிரூட்டிய அறையில் வயிறு நிறைந்ததும் கண் சொருகும். கேத்தி தம்பியின் அம்மா கண் அசந்தபோது தம்பி விழித்திருந்தார். தனியாகப் போகிறவருக்கு யார் விழித்திருப்பார்கள்?

கேத்தி பள்ளத்தாக்கு

டீச்சர், நீங்க சொன்னது நியாயம். தனியா போறவங்க போன்ல அலாரம் வெச்சுக்கணும், வாயில் மூடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே எழுந்து போயிடணும். நானும் வெச்சிருந்தேன்.

சிம்ஸ் பூங்கா ஐயாவுக்கு: கடன்பட்டு கார்டு வாங்குங்கன்னு நான் சொல்லவே இல்லீங்க. எங்க அம்மாவோடது டெபிட் கார்டு. சொந்தப் பணம். இருக்கற வசதியைத் தெரிஞ்சுக்காம விட்டுடறோமேங்கறதுதான் என் ஆதங்கம். அப்புறம் கட்டுச்சோறு. அதைத்தான் பத்து வருசமா செஞ்சோம். அம்மாவுக்குத் தேவைப்பட்டது இட்லி மட்டும் இல்லீங்க. காலை நீட்ட ஒரு இடம், பக்கத்துலயே ஒரு சுத்தமான கழிவறை. வெளிய இருக்கற இரும்பு நாற்காலியில கைப்பிடி நடுவுல நடுவுல இருக்கும், படுக்க முடியாது. வீங்கின காலை எதுமேல தூக்கி வெக்கறது?

கூடலூர் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நான் லவுஞ்சுல வேலை செய்யறேன். கூடலூர் பக்கம் எங்க வீடு. தாத்தா காலத்துல சிலோன்ல இருந்து வந்து தேயிலைத் தோட்டத்துல இருக்கற குடும்பம். எந்த விமான நிலையம்னு சொல்லல, வேலைக்குப் பிரச்சினை வரும்.

காலை 4 மணி ஷிப்ட்னா 3 மணிக்கு எழுந்திருவேன். முன்மேசையில நிக்கறது என் வேலை. போர்டிங் பாஸ் பாக்கணும், கார்டுல இருக்கற பேரும் அதுல இருக்கற பேரும் ஒண்ணா இருக்கணும், விமானத்துக்கு மூணு மணி நேரத்துக்குள்ள இருக்கணும், அப்புறம் மெஷின்ல தேய்க்கணும். தேய்ச்சதும் ஒரு சீட்டு வரும். அதுதான் எங்களுக்குப் பணம். எத்தனை சீட்டோ அத்தனை தலைக்கு லவுஞ்ச் நடத்தறவங்க வசூல் பண்ணுவாங்க. சீட்டு வராம ஒருத்தரை உள்ள விட்டா அது என் சம்பளத்துல பிடிப்பாங்க. இது தெரியாமத்தான் நிறையப் பேர் எங்க மேல கோபப்படறாங்க.

2025 செப்டம்பர் 16 முதல் ட்ரீம்ஃபோக்ஸ் நிறுவனம் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்துச்சு. வங்கிக்கும் லவுஞ்சுக்கும் நடுவுல இருந்து இந்தக் கணக்கைப் பாத்துக்கிட்டது அவங்கதான். எந்தெந்த கார்டு அவங்க வழியா ஓடிச்சோ அதுக்கெல்லாம் வங்கிகள் வேற வழி தேட வேண்டியதாச்சு. பழைய நினைப்புல கார்டை நீட்டறவங்களுக்கு என்ன பதில் சொல்றது? அதனால வீட்டுல கிளம்பறதுக்கு முன்னாடி வங்கி ஆப்லயோ, வாடிக்கையாளர் எண்லயோ கேட்டுட்டு வாங்க. இது என் கையெடுத்துக் கும்பிட்ட வேண்டுகோள்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்றேன். ஒரு பெரியவர், எழுபதுக்கு மேல. காக்கி நிற ஸ்வெட்டர், தலையில உல்லன் குல்லா. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நம்ம மலைக்காரர்னு. மகனோட கிரெடிட் கார்டை நீட்டினார். மகன் வெளிநாட்டுல. "பையன் கொடுத்தான் தம்பி, இதைக் காமிச்சா சாப்பாடு குடுப்பாங்கன்னு சொன்னான்." பேரு வேற. நான் மறுக்கணும். பின்னால பன்னெண்டு பேர் வரிசை. "பரவாயில்ல தம்பி"ன்னு சொல்லிட்டு கார்டை மஞ்சள் பையில வெச்சு, அந்தப் பையை நாலா மடிச்சுக் கக்கத்துல இடுக்கிட்டுப் போனார். எனக்கு அரை மணி கழிச்சு டீ நேரம். தேடிப் போனேன். தண்ணி பிடிக்கற குழாய் பக்கத்துல நின்னுட்டிருந்தார். என் டீ நேரச் சாப்பாட்டுல ரெண்டு பன் இருந்துச்சு, கொடுத்தேன். ஒண்ணு போதும்னுட்டார்.

லவுஞ்ச் நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. எங்க தோட்டத்து லைன் வீட்டுல மூணு பேர் இந்தச் சம்பளத்துல சாப்பிடறோம். ஆனா அந்தக் கதவுல நின்னு ஆளைத் திருப்பி அனுப்பறது லேசு இல்ல.

கோடநாடு காட்சிமுனை

தம்பி எழுதியதைப் படித்தபிறகு இந்த விவாதமே தப்பான இடத்தில் நடக்கிறது என்று தோன்றுகிறது. கார்டு வாங்கலாமா, கூடாதா என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். டிக்கெட் எடுத்த ஒரு பெரியவர் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றாரே, அவர் ஏன் நிற்க வேண்டும்?

லவுஞ்ச் என்பது தொடங்கியதே பிரிப்பதற்காகத்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1939-இல் நியூயார்க் லகார்டியாவில் முதல் லவுஞ்சைத் திறந்தபோது அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அனுமதி. இன்று அழைப்பிதழுக்குப் பதில் கார்டு. வேறென்ன மாறியது?

நம்மிடம் வேறு வழக்கம் இருந்தது. மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலை வந்து நிற்கும். 7.10-க்குத்தான் மலை ரயில். நடுவில் இருக்கும் நேரத்தில் டிக்கெட் வைத்திருக்கும் எல்லாரும் ஒரே இடத்தில் காத்திருக்கிறார்கள். பல் துலக்குகிறார்கள், குழந்தைக்குப் பால் காய்ச்சிய பிளாஸ்கைத் திறக்கிறார்கள், பெஞ்சில் பாட்டி படுத்திருக்கிறாள். யாரும் யாரிடமும் கார்டு கேட்பதில்லை. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடத் தொடங்கிய ரயிலுக்கு இருக்கிற இந்த எளிய மரியாதை, நேற்றுக் கட்டிய கண்ணாடி மண்டபத்துக்கு ஏன் வரக் கூடாது?

தேநீர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒன்றரை ஏக்கர் தேயிலை. 2024 செப்டம்பரில் ப. சிதம்பரம் கொல்கத்தா விமான நிலையத்தில் வெந்நீரும் ஒரு தேயிலைப் பையும் 340 ரூபாய் என்று எழுதினார். படித்ததும் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலரைக் கிலோ பச்சை இலை பறித்தால் சுமாராக ஒரு கிலோ தூள். ஒரு பைக்கு 2 கிராம் என்றால் ஒரு கிலோவில் 500 பை. 500 தடவை 340 என்றால் 1,70,000 ரூபாய். அந்த நாலரைக் கிலோ இலைக்கு எங்கள் அம்மா கைக்கு வருவது ஒரு தேநீர் விலைகூட இல்லை. விலை கேட்டு 2023 செப்டம்பரில் கோத்தகிரி நட்டக்கல்லில் நம் ஆட்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், அங்கே நானும் உட்கார்ந்தேன்.

ஆனால் கேட்டால் கிடைக்கிறது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் உடான் யாத்ரி கஃபே என்ற மலிவு விலைச் சிற்றுண்டிக் கடையைத் திறந்தார்கள். தேநீர் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய். 2025 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்தது. மலையிலிருந்து பட்டினியாக இறங்கி வரும் ஆட்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், நாம் போகிற ஒவ்வொரு விமான நிலையத்திலும் கேட்க வேண்டியது இதைத்தான். கூடவே காலை நீட்ட நாலு சாய்வு நாற்காலி. முதியவர்களுக்கு மட்டும் என்று எழுதிப் போட்டாலே போதும்.

சிம்ஸ் பூங்கா ஓரம்

கோடநாடு அம்மணி எழுதியதை இரண்டு முறை படித்தேன். கணக்குச் சரிதான்.

ஒன்று சேர்க்கிறேன், பலருக்கும் தெரியாதது. விமானமே தாமதமானால் சாப்பாடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதற்குக் கார்டு வேண்டாம். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், நேரத்துக்கு செக்-இன் செய்தவருக்கு விமான நிறுவனம் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரையிலிருந்து 5 மணி நேரம் வரை பறப்பதற்கு, தாமதம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். கோவையிலிருந்து சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் எல்லாம் முதல் வகைக்குள் வரும். கவுன்டரில் போய் நின்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்குத் தானாக வந்து தர மாட்டார்கள்.

கேத்தி பள்ளத்தாக்கு

கோடநாடு அக்கா, நீங்க கேக்கறது பெரிய விசயம், வந்தா நானும் முதல் ஆளா சந்தோசப்படுவேன். ஆனா அது வர்ற வரைக்கும் எங்க அம்மா இரும்பு நாற்காலியில உக்காந்திருக்கணுமா? கையில இருக்கற சின்ன வசதியை உபயோகிச்சா ஊருக்குத் துரோகம் பண்ணின மாதிரி சித்தப்பா பேசறார். அதுதான் எனக்கு வலிக்குது. எங்களுக்கும் தேயிலைதான். பறிச்ச இலையை வெயிட் போட்டு, மூட்டைக்கு இவ்வளவுன்னு கழிச்சுட்டு எழுதற சீட்டை நானும் வாங்கியிருக்கேன்.

கோடநாடு காட்சிமுனை

தம்பி, உங்கள் அம்மா படுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் உழைத்த உடம்பு. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கிலேயே அது இருந்தது என்றால் அது அவருடையது. நான் மறுப்பது "வீட்டுக்கு ஒரு கார்டு" என்ற உங்கள் முடிவை மட்டும். ஆளாளுக்குக் கார்டு வாங்கிவிட்டால் அந்த மண்டபத்தில் நாற்காலி கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். வசதியுள்ளவர் உள்ளே போய்விட்டால் வெளியே நிற்பவருக்காகப் பேசுவது யார்?

மஞ்சூர் மழை

நான் மாசத்துக்கு ரெண்டு தடவை பறக்கற ஆள், வேலை அப்படி. நேராச் சொல்லிடறேன். லவுஞ்ச் இப்ப நீங்க நினைக்கற மாதிரி அமைதியா இல்ல. காலை 6-லிருந்து 9 வரைக்கும் வரிசை வாசல் தாண்டி நிக்குது. போன மாசம் ஒரு பெரிய ஊர்ல 35 நிமிசம் நின்னேன், உள்ள போனா உக்கார இடம் இல்லாம தட்டைக் கையில வெச்சுட்டு நின்னு சாப்பிட்டேன். கார்டு இல்லாம பணம் கட்டிப் போகணும்னா பல இடத்துல ஆயிரம் ரூபாய்க்கு மேல. அம்மாவை அந்த வரிசையில நிக்க வெச்சிருந்தா கேத்தி தம்பி இந்த இழையே போட்டிருக்க மாட்டார். அன்னைக்கு அவங்களுக்கு நல்ல நேரம்.

எங்க மஞ்சூர்ல இருந்து வர்றவங்களுக்கு ஒரு யோசனை. முதியவங்க கூட இருந்தா விடியக்காலை விமானம் போடாதீங்க, மத்தியானத்துக்குப் போடுங்க. மேட்டுப்பாளையத்துல இறங்கி, கால் கழுவி, சூடா ரெண்டு இட்லி சாப்பிட்டு, அரை மணி நேரம் நடந்துட்டு அப்புறம் போங்க. மலை இறங்கின கிறுகிறுப்பு அங்கேயே போயிரும். லவுஞ்ச் செய்யற வேலையைப் பாதி மேட்டுப்பாளையம் செய்யும்.

லவ்டேல் டீச்சர்

இது நல்ல யோசனை. சக்கர நாற்காலி பற்றியும் சொல்ல வேண்டும். டிக்கெட் போடும்போதே முதியவருக்கு அதைக் கேட்டுவிடலாம். வரிசையில் நிற்க வேண்டாம், வாயில் மாறினாலும் அழைத்துப் போகிறவருக்குத் தெரிந்திருக்கும். என்னைப்போல யாரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டியிராது.

கூடலூர் தம்பி

டீச்சர் சொன்னது சரி. சக்கர நாற்காலியில வர்ற பெரியவங்களை அழைச்சுட்டு வர்ற பசங்க எங்ககிட்ட நேரத்தைச் சொல்லிட்டுப் போவாங்க. நாங்களும் ஒரு கண்ணு வெச்சிருப்போம்.

தனியா வர்றவங்க யாரா இருந்தாலும் முன்மேசையில ஒரு வார்த்தை சொல்லுங்க. "தம்பி, இன்ன விமானம், இன்ன நேரம், கண் அசந்தா எழுப்பு." இதுக்கு ஒரு விதியும் குறுக்க நிக்காது. நான் எழுப்புவேன். எங்க ஷிப்ட்ல இருக்கற எல்லாரும் எழுப்புவாங்க.

கேத்தி பள்ளத்தாக்கு

இதைப் படிச்சதும் அந்தப் பெரியவர் ஞாபகம்தான் வருது தம்பி. நீங்க தேடிப் போய்ப் பன் கொடுத்தது பெரிய விசயம்.

சரி, என் பேச்சுல ஒண்ணை மாத்திக்கறேன். "வீட்டுக்கு ஒரு கார்டு"ன்னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன், அது சிம்ஸ் பூங்கா ஐயா சொன்ன பையன் மாதிரி ஆளுங்களுக்குத் தப்பா போய்ச் சேரும். இருக்கற கார்டுல என்ன இருக்குன்னு பாருங்க, இல்லாததுக்கு ஓடாதீங்க. ஆனா மலைக்காரங்களுக்கு அந்த ஓய்வு அவசியம்ங்கறதை மாத்திக்க மாட்டேன். அதைச் சித்தப்பாகிட்ட நேர்ல போய்ச் சொல்லிக்கறேன். 22-ஆம் தேதி அம்மா திரும்பி வர்றாங்க, அவங்களையும் கூட்டிட்டே போறேன்.

கோடநாடு அக்கா, அந்தச் சாய்வு நாற்காலி, பத்து ரூபாய் டீக்கு மனு எழுதினீங்கன்னா முதல் கையெழுத்து அம்மாவோடது.

கோடநாடு காட்சிமுனை

இன்று இரவே எழுதி இங்கே போடுகிறேன். கூடலூர் தம்பி சொன்ன பெரியவரின் கதையோடு தொடங்கப் போகிறேன், ஊர் பெயர் எதுவும் இல்லாமல்.

சிம்ஸ் பூங்கா ஓரம்

மனுவின் தமிழையும் கணக்கையும் நான் சரிபார்த்துத் தருகிறேன். லவுஞ்ச் பற்றிய என் கருத்து மாறவில்லை.

பர்லியார் வண்டித் தம்பிக்கு ஒரு வார்த்தை. வருகிற வியாழக்கிழமை நானும் மனைவியும் சென்னை போகிறோம், விமானம் பத்தே முக்காலுக்கு. ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்று இருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு மனைவி ஒப்பவில்லை. இட்லி கட்டி எடுத்து வருகிறோம், மேட்டுப்பாளையத்தில் பத்து நிமிடம் நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை மணிக்கு வருவீர்கள்?

பர்லியார் வண்டி

ஐந்து மணிக்கு உங்க கேட்டுக்கு முன்னாடி நிப்பேனுங்க. அம்மாவை முன் சீட்டுல உக்காரச் சொல்லுங்க, வளைவுல கிறுகிறுப்பு கம்மியா இருக்கும். எலுமிச்சம்பழம் நானே எடுத்துட்டு வந்தர்றேன்.